வேலூர் என்றால் குல்லா

என் கணவருக்குப் பேச்சு நின்ற காலையில் அவர் வீரபாண்டியில் இருக்கும் எங்கள் பிரிண்டிங் யூனிட்டில் இருந்தார். பனியன் துணியில் அச்சடித்த சாம்பிள் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சூப்பர்வைசரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாராம். "அது... அது..." என்பதற்கு மேல் வரவில்லை. வலது கையிலிருந்து துணி நழுவிவிட்டது. சூப்பர்வைசர் தாராபுரத்துக்காரர், எங்களோடு ரொம்ப வருஷமாக இருப்பவர். கொஞ்சமும் யோசிக்காமல் வண்டியில் ஏற்றிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்விட்டார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலையிலிருந்த நான் அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் கண்ணைத் திறந்துதான் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் உதடு அசைந்தது, சத்தமும் வந்தது. வார்த்தையாக எதுவும் வரவில்லை.

மூளையின் இடது பக்கம் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். "நீங்க பேசறது அவருக்கு நல்லாப் புரியுதுங்க. என்ன சொல்லணும்னும் அவருக்குத் தெரியுது. அதுக்குண்டான வார்த்தைதான் கைக்கு அகப்படல" என்றார் டாக்டர். எப்போது அகப்படும் என்று கேட்டேன். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி, சிலருக்குக் கடைசிவரை வராமலும் போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார்.

அவர் பேச்சுக்காரர். கல்லூரியில் சரித்திரம் படித்தவர். அப்பா நடத்திய யூனிட்டை எடுத்து நடத்த வேண்டியிருந்ததால் சாயத்துக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவில் வந்து மாட்டிக்கொண்டவர். பாவு போட்டு நெய்த குடும்பம்தான், இருந்தாலும் அவருக்கு ருசி எல்லாம் புத்தகத்தில். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பேப்பரோடு வரும் இணைப்பைப் பிரித்து முதலில் குறுக்கெழுத்தைத்தான் பார்ப்பார். அதைத் தயாரிக்கிற ஆள் யாரோ இவரைப் போலவே ஒருத்தர். பாதிக் குறிப்புகள் பழைய நாவல்களின் கதாநாயகன், கதாநாயகி பெயரைக் கேட்கும். மீதியில் நிறைய, கம்பெனிக்காரர்கள் இந்த நாட்டைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்துச் சரித்திரம், அதிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்த சமயம். எந்தக் கோட்டை, எந்தப் பாளையம், எந்தச் சண்டை என்று போகும். இவர் பேனாவை மூடாமல் கடைசிவரை நிரப்பிவிட்டுத்தான் குளிக்கப் போவார். நான் அந்த நேரத்தில் இட்லி ஊற்றிக்கொண்டிருப்பேன். எனக்கும் நாவலுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆர்டர் தருகிற வெளிநாட்டு பையர்கள் அனுப்புகிற மெயிலும், உடுப்பின் அளவும் அமைப்பும் குறித்த டெக்பேக்கும் படித்தே என் கண் பூத்துப் போகும்.

வீட்டுக்கு வந்த பிறகு பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். திருநெல்வேலிப் பக்கம், சின்ன வயசு, சிரித்த முகம். படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவாள். சீப்பு, சாவி, தண்ணீர், குடை. "இது என்னது சார்? சொல்லுங்க பாப்பம்" என்பாள். அவர் அந்த அட்டையையே முறைத்துப் பார்ப்பார். நெற்றி வியர்த்துவிடும். "அது... அது..." என்பார். ஒருநாள் எல்லா அட்டையையும் இடது கையால் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தப் பெண் அட்டைகளைப் பொறுக்கி அடுக்கினாள். நான் சமையல்கட்டுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டேன்.

அப்புறம் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பையன் சென்னையில் படித்துக்கொண்டிருந்தான். அமைதி தாங்க முடியாமல், ஏதாவது சத்தம் இருக்கட்டுமே என்று இணைப்பைப் பிரித்து, குறுக்கெழுத்துக் குறிப்புகளை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். பதில் எதிர்பார்த்தெல்லாம் படிக்கவில்லை.

"இடமிருந்து வலம். கலங்கரை விளக்கக் காவலரின் மகள், பழைய நாவல் ஒன்றின் நாயகி. நாலு எழுத்து."

கட்டிலிலிருந்து ஒரு பெயர் வந்தது. தெளிவாக, எழுத்து எழுத்தாக, பழைய குரலில்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவரும் என்னையே பார்த்தார், யார் பேசியது என்று கேட்பது போல. கட்டங்களை எண்ணிப் பார்த்தேன். நாலு எழுத்து சரியாக உட்கார்ந்தது.

"இன்னொண்ணு படிக்கட்டுங்களா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார். "மேலிருந்து கீழ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பெனிச் சிப்பாய்கள் எதிர்த்து எழுந்த கோட்டை உள்ள ஊர். மூணு எழுத்து."

"வேலூர்" என்றார்.

ஓடிப்போய் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். "இது என்னங்க? இதச் சொல்லுங்க!" டம்ளரைப் பார்த்தார். வாய் திறந்தது. "அது..." அவ்வளவுதான். நான் மறுபடி பேப்பரை எடுத்தேன். மறுபடி பெயர்கள் வந்தன. நாயகர்கள், நாயகிகள், கோட்டைகள், பாளையங்கள். தண்ணீர் என்று சொல்லத் தெரியாத அதே வாயில், நான் கேள்வியே பட்டிராத மனிதர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டில் யாரோ ரேடியோவைத் திருக, அது நம் வீட்டில் பாடினால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்தது எனக்கு. சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் பயிற்சிப் பெண்ணிடம் சொன்னதும் அவள் பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள். "எக்கா, பேருகளுக்கு மூளையில வேற பாதை இருக்கலாம்னு படிச்சிருக்கேன். அபூர்வமா யாருக்காவது பேரு மட்டும் தப்பிச்சுக்கிடும்னு சொல்லுவாங்க. நான் ஒருத்தரையும் பாத்ததில்ல" என்றாள். பிறகு அவர் பக்கம் குனிந்து, என்னைக் காட்டி, "சார், இவங்க பேரு என்ன?" என்று கேட்டாள்.

அவர் என் பெயரைச் சொன்னார்.

கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்றுவரை அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் அப்படித்தான். "இந்தா", "ஏம்புள்ள", மனசு குளிர்ந்திருந்தால் "கண்ணு". அதெல்லாம் இப்போது அவரிடமிருந்து போய்விட்ட வார்த்தைகள். மிஞ்சியிருந்தது என் பெயர்தான். அதை அவர் உச்சரித்த விதத்தில் ஒரு கூச்சம்கூட இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று கேட்டிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பாரோ, அப்படி. நான் காபி போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். அந்தப் பெண் சிரித்தது கேட்டது.

இதை எழுதும்போது யார் பெயரையும் எழுத எனக்கு மனசில்லை. அந்த நாவல் மனிதர்களின் பெயர்களையும்தான். அவையெல்லாம் எங்கள் வீட்டுக்குள் பேசுகிற பேச்சாக ஆகிவிட்டன. எப்படி ஆயின என்று சொல்கிறேன்.

அடுத்த வாரத்திலிருந்து மத்தியானத்தில் ஒரு பெண்ணின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தார். குறுக்கெழுத்து ஒன்றும் படிக்காதபோதே. நான் ஃபேனைக் கூட்டினேன், தலையணையை மாற்றினேன், கால் பிடித்துவிட்டேன், காபி கொடுத்தேன், ஜன்னலைத் திறந்தேன். மறுநாள் மறுபடியும் அதே பெயர். "யாருங்க அது? பாக்கோணுமா? வரச்சொல்லட்டுங்களா?" என்று கேட்டேன். ஆமாவா இல்லையா என்று தெரியாதபடி தலையைத் தலையை ஆட்டினார். உள்ளதைச் சொன்னால், வேறொருத்தியோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, செக்கிங்கிலோ பேக்கிங்கிலோ அந்தப் பேரில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தேன். "அப்படி ஒருத்தரும் இல்லீங்கக்கா. ஏனுங்க, என்ன விஷயம்?" என்றார். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

பையன்தான் போனில் சொன்னான். "அம்மா, அது அப்பா ரூம்ல இருக்கற ஒரு நாவல்ல வர்ற பேரு. அட்டையிலயே இருக்கும் பாருங்க."

தேடி எடுத்தேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் முழுசாகப் படித்த முதல் கதைப் புத்தகம் அதுதான். கிணறு வெட்டுகிறவனின் மனைவி அவள். ஊரே காய்ந்து கிடக்கிற கோடையில், புருஷன் மண் சரிந்து செத்த அதே கிணற்றுக்குள் அவள் இறங்குகிறாள். வெகுநேரம் கழித்து ஒரு குடம் மேலே வருகிறது. கலங்கல் தண்ணீர். ஊர் முழுக்கச் சுற்றி நிற்கிறது, யாரும் முதலில் குடிக்கத் துணியவில்லை.

அந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன். ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய், அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, "இதுங்களா?" என்று கேட்டேன்.

இடது கையை நீட்டி வாங்கினார். முழுவதும் குடித்தார். டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெயரை மெதுவாக இன்னொரு தரம் சொன்னார். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. தண்ணீர் என்ற வார்த்தை கிடைக்காத மனிதர், தண்ணீருக்காகத் தமிழில் எழுதப்பட்ட ஒரு முழுக் கதையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்திருக்கிறார். இத்தனை நாளாக வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். படிக்காததால் எனக்குத்தான் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் படித்தேன். வேறு வழியில்லை, என் புருஷன் பேசுகிற பாஷை அந்த அலமாரியில் இருந்தது. கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன், டிராஃபிக்கில் கார் நிற்கும்போது படித்தேன், குக்கர் விசில்களுக்கு நடுவில் படித்தேன். கூட வேலை செய்கிற பெண்கள், "என்னங்க்கா, பரீட்சையா?" என்று கேலி செய்தார்கள். நாவல் மட்டும் போதவில்லை, சரித்திரமும் வேண்டியிருந்தது. உப்பில்லாத பத்தியச் சமையலை நான் ஊட்டிவிட்டபோது அவர் முகத்தைச் சுளித்து "சங்ககிரி" என்றார். சங்ககிரி எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். கம்பெனியை எதிர்த்து நின்ற கொங்குப் பாளையக்காரரைத் தூக்கில் போட்ட கோட்டை. அவரைக் காட்டிக் கொடுத்தது சமையல்காரன் என்று கதை சொல்வார்கள். யோசித்துப் பார்த்தபோதுதான் என்னைத்தான் அந்தச் சமையல்காரன் என்கிறார் என்பது புரிந்தது. "நாளைக்கு நீங்களே சமைச்சுக்கங்க!" என்று சொல்லிவிட்டு அடுத்த வாயை ஊட்டினேன்.

மார்கழியில் பையன் லீவுக்கு வந்திருந்தான். அப்பாவைக் காலையில் நடக்கக் கூட்டிப் போகிற பொறுப்பை எடுத்துக்கொண்டு, பனி அடிக்கிறதென்று ஒரு கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்து மாட்டிவிட்டான். அவர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "வேலூர்!" என்றார்.

பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போலாம்ங்கறாரும்மா. அப்பாவுக்கு என்னமோ பண்ணுது போல இருக்கு."

"இருடா" என்றேன். நான் முந்தின வாரம்தான் அந்தச் சரித்திரத்தைப் படித்து வைத்திருந்தேன். அந்தக் கோட்டையில் சிப்பாய்களுக்குப் புதுமாதிரித் தலைப்பாகை ஒன்றைக் கட்டாயமாக்கினார்கள். தோலில் செய்த சின்னம் வேறு அதில். நெற்றியில் இட்டுக்கொள்ளக்கூடாது, காதில் போட்டுக்கொள்ளக்கூடாது என்றும் உத்தரவு. ஒருநாள் விடியுமுன்னே சிப்பாய்கள் எழுந்துவிட்டார்கள். தலையில் வைக்கச் சொன்ன ஒரு பொருளுக்கு எதிராகத் தொடங்கிய சண்டை அது.

"அப்பாவுக்குக் குல்லா வேண்டாமாம்டா" என்றேன்.

பையன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். அவர் சிரிக்க ஆரம்பித்தார். ஒரு பக்க உதடு மட்டும் மேலேறிய சிரிப்பு. பேச்சு போன பிறகு அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அப்போதுதான். பையன் தரையில் உட்கார்ந்துகொண்டு அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

எல்லாமே இப்படிக் கூடி வரவில்லை. தலையணை தண்டிக்கு ஒரு நாவலைப் பல நாள் படித்து முடித்தும், அதன் நாயகன் பெயரைச் சொல்லி அவர் என்ன கேட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கே மறந்துவிட்டது. ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கலங்கரை விளக்கக் காவலரின் மகள் பெயரைச் சொன்னார். அதைப் படித்திருந்தேன். அப்பா செத்த பிறகும் அந்தப் பெண் தீவிலேயே தங்கிவிடுகிறாள். கப்பல்களெல்லாம் வேறு வழியில் போக ஆரம்பித்த பிறகும் தினமும் விளக்கேற்றுகிறாள். "நானுங்களா?" என்று கேட்டேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் இல்லை என்று தலையசைத்துத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். தூரத்தில் போகிற கப்பல்கள் அவருக்குத் தெரிகின்றன, அவர் இருப்பது கப்பலில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. அதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் தன் நிலைமையைச் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். "எனக்குத் தெரியுதுங்க" என்றேன்.

யூனிட்டை இந்த நாட்களில் சூப்பர்வைசர்தான் பார்த்துக்கொண்டார். ஒருநாள் சாம்பிள் துண்டோடு வீட்டுக்கு வந்தார். குழந்தைகள் டி-ஷர்ட்டின் நெஞ்சில் ஒரு சின்ன ஆமை. "கலர் எல்லாம் சரியா இருக்குங்க. நீங்க ஒரு பார்வை பாத்துட்டா மத்தியானமே மெசின்ல ஏத்திருவேனுங்க" என்று இவர் மடியில் விரித்து வைத்தார். பக்கத்தில் பையரின் டெக்பேக்கையும் வைத்தார்.

இவர் இரண்டையும் பார்த்தார். பிறகு ஒரு பெயரைச் சொன்னார். ஆமையின் மேல் விரலை வைத்து மறுபடி சொன்னார்.

"என்னங்க்கா சொல்றாரு?" என்று சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார்.

மலைப்பாதையில் தபால் சுமக்கிற ஒருவனின் கதை அது. பாதிதான் படித்திருந்தேன். பாதிவரை அவன் மலை ஏறிக்கொண்டே இருந்தான், அதில் ஒன்றும் அகப்படவில்லை. "கொஞ்சம் டீ குடிங்க, வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மீதியைப் பிடித்தேன். சூப்பர்வைசர் டீ குடித்தார், பேப்பர் பார்த்தார், முறுக்குத் தின்றார். ஏற்றுமதிக்குப் போக வேண்டிய ஒரு ஆர்டர், நான் நாவல் முடிப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. அந்தத் தபால்காரன் ஒரு வழியாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும்தான் தெரிகிறது, கடிதம் எதிர்ச் சரிவில் இருக்கிற ஊருக்கு உரியது. இரண்டு ஊருக்கும் ஒரே பெயர். அவன் ஏறிவந்தது தப்பான பக்கத்தில்.

வெளியே வந்து டெக்பேக்கைக் கையில் வாங்கினேன். ஆமை இடது நெஞ்சில் வர வேண்டும் என்று போட்டிருந்தது. போட்டுக்கொள்கிறவருக்கு இடது. சாம்பிளில் ஆமை இருந்ததோ பார்க்கிறவருக்கு இடது, அதாவது போட்டுக்கொள்கிறவருக்கு வலது.

"பக்கம் மாறிப் போச்சுங்க" என்றேன்.

சூப்பர்வைசர் துணியை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து, எப்போதும் முதலாளி என்றே கூப்பிடுகிறவர், "சாமி" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மூளை அப்படியேதானுங்க இருக்குது" என்று என்னிடம் சொன்னார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "அந்தப் புஸ்தகத்தை எனக்கும் ஒருவாட்டி குடுங்கக்கா" என்று கேட்டார். கொடுத்தேன்.

வார்த்தைகள் திரும்பி வந்தன. முதலில் "சூடு", காபி நாக்கைச் சுட்ட ஒரு காலையில். அப்புறம் "வேண்டாம்". அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மற்றவை, வரிசையில்லாமல். தண்ணீருக்கு முன்னால் எலுமிச்சங்காய் வந்தது. பயிற்சிப் பெண் ஒவ்வொன்றுக்கும் கைதட்டினாள். நீளமாகப் பேசினால் இன்னும் நடுவில் தட்டும், காத்திருந்தால் வந்துவிடும். பாதி நாள் யூனிட்டுக்குப் போகிறார். அங்கே வேலை செய்கிற பீகார்ப் பையன்களிடம் அவருடைய அரைகுறை இந்தி எப்படி முழுசாகத் திரும்பி வந்தது என்பது எனக்கு இன்னும் புரியாத இன்னொரு விஷயம். ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களை இடது கையால் நிரப்புகிறார். நாவல் நாயகிகள் இப்போது சில சமயம் எனக்குத்தான் முதலில் வருகிறார்கள்.

போன தையில் நடந்த புத்தகக் கண்காட்சிக்கு இரண்டு பேரும் போனோம். அவர் சரித்திரக் கடைப்பக்கம் நின்றுவிட்டார். நான் தனியாகச் சுற்றி, யாரும் சொல்லாமல், யாருக்காகவும் இல்லாமல், நானே ஒரு நாவலை எடுத்தேன். அவர் படித்திராதது. வீட்டுக்கு வந்து சாப்பிட்ட கையோடு ஆரம்பித்து, மறுநாள் சாயங்காலம் முடித்தேன். கடைசிப் பக்கத்தில் அழுதுவிட்டேன் போல. எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்... ன ஆச்சு?" என்றார்.

"அந்தப் பையன் இருக்கானில்லீங்க, கடைசீல அவன்..." என்று நான் ஆரம்பித்தேன்.

அவர் அவசரமாகக் கையை உயர்த்தினார். வார்த்தையைத் தேடுவது முகத்தில் தெரிந்தது. நான் காத்திருந்தேன்.

"முடிவச் சொல்லீராத" என்றார். "நான்... படிக்கோணும்."